“வீட்டுக்குக் கூட்டிப் போ” என்பதுதான் வைத்தியமா?

புற்றுநோய் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு சீயமங்கலத்திலிருந்தும் செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் யார்? நாற்று நடுகிறவர்கள், மணிலா பிடுங்குகிறவர்கள், மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்கள். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கைகொடுக்கலாம்; இழந்த கூலியை அது தராது. ஆட்டை விற்று, வட்டிக்கு வாங்கித்தான் அவர்கள் வார்டு வாசலில் நிற்கிறார்கள்.

நோய் இனித் தீராது என்று டாக்டருக்குத் தெரிந்த பிறகு நடப்பது என்ன? நின்ற நிலையில் இரண்டு வார்த்தை. “இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.” இல்லையேல் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த மாதத்துக்குச் சீட்டு. முதலாவது, ஏழையைக் கைகழுவுவது. இரண்டாவது, அவன் கடைசி ஆட்டையும் விற்கவைப்பது.

“படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது, மனம் உடைந்துவிடும்” என்கிறார்கள். வானம் பார்த்து விதைப்பவனுக்கு, கந்துவட்டிக் கணக்கை மனத்திலேயே போடுபவளுக்கு, தன் குழந்தையின் நிலை புரியாதா? புரியும் மொழியில் சொல்லப்படவில்லை என்பதே உண்மை. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது; குடும்பத்தார் நிலைமையை அறியும்படி செய்ய வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. அது கோட்டு போட்டவனுக்கு மட்டும் எழுதிய விதியல்ல.

குழந்தையிடம் மறைப்பதும் வீண். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளோடு அமெரிக்க வார்டு ஒன்றில் பழகி ஆராய்ந்த மைரா புளூபாண்ட்-லாங்னர், யாரும் சொல்லாமலே அந்தச் சிறுவர்கள் தம் நிலையை அறிந்திருந்ததை 1978இல் நூலாக வெளியிட்டார். பெரியவர்கள் வாய்மூடினால் குழந்தை தன் பயத்தைத் தனியே சுமக்கிறது.

பேச்சுக் குறைந்தால் பிழைக்கக்கூடிய குழந்தையும் சாகும். பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள்; பல ஏழை நாடுகளில் முப்பதுகூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்கு ஒரு காரணம். எது தீரும், எது தீராது என்று விளக்காவிட்டால் எந்தக் கூலிக்காரன் மாதக்கணக்கில் வேலையை விட்டு வருவான்?

“செய்ய ஒன்றுமில்லை” என்பது பச்சைப் பொய். நோய் தீராது என்பது வேறு. வலி தீராது என்பது வேறு. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்பின் மருந்து உண்டு. அதற்கான அபினி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் நம் விவசாயிகள் கையால் விளைகிறது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது நம் ஆஸ்பத்திரிகளை எட்டவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பிறகும் குழந்தை வலியில் துடித்தால் யார் குற்றம்?

டாக்டர்கள் நம் பகைவர்கள் அல்ல. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஓய்வின்றி உழைக்கும் இளம் டாக்டரும் உழைப்பாளிதான். அவருக்கு ஆளும் நேரமும் பயிற்சியும் கொடுக்காத சர்க்காரையே நாம் கேட்கிறோம்.

கேட்பது இவைதான்:

1. தாய் தகப்பன் இருவரையும் உட்காரவைத்து, தனி அறையில், தமிழில், கேள்வி கேட்க நேரம் கொடுத்துப் பேச வேண்டும். சொன்னதைத் தமிழில் எழுதியும் தர வேண்டும்.

2. செஞ்சி போன்ற தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் மார்பினும், அதைக் கொடுக்கப் பயின்ற டாக்டரும் வேண்டும்.

3. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலிதணிப்பு நர்ஸ், இந்தக் குழந்தைகளின் குடிசைக்கும் தவறாமல் வர வேண்டும்.

4. உடனிருக்கும் பெற்றோருக்குப் பஸ் சார்ஜும் இழந்த கூலியும் வேண்டும்.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. குடிசைகளில் தொடங்கியதை வளர்க்க முடிந்த நாட்டில், ஒரு நாற்காலியும் அரைமணி நேரமும் கொடுக்க முடியாதா?

தோழர்களே, சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்குங்கள். உண்மையை அறிவதும் வலியின்றி இருப்பதும் பிச்சையல்ல, உரிமை!