தேக்குப் புழுவுக்கு நோய்தான் மருந்து

கோடை மழை விழுந்து தேக்கு துளிர்த்த இரண்டு வாரத்தில் உங்கள் மரம் மொட்டையாகிவிடுகிறதா? நெய்வேலியைச் சுற்றி வரப்போரமும் தோப்பாகவும் தேக்கு வைத்திருப்போர் பலரும் "மறுபடி துளிர்க்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். துளிர்க்கத்தான் செய்யும். மரமும் சாகாது. ஆனால் பருக்காது.

கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூரில் இளந்தேக்குத் தோட்டத்தில் ஐந்து ஆண்டுகள் கணக்கெடுத்தது. புழுவிலிருந்து காத்த மரங்கள் எக்டேருக்கு ஆண்டுக்கு 6.7 கன மீட்டர் வளர்ந்தன. காக்காதவை 3.7 தான். அதாவது 44 சதவீத வளர்ச்சி புழுவின் வயிற்றுக்குள் போனது. பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் என்று மரம் வைத்தவருக்கு இது சின்னக் கணக்கல்ல.

இந்தப் புழுவின் பெயர் ஹிப்ளியா பூரா. தாய் அந்துப்பூச்சி இளந்துளிரில் முட்டையிடும். புழு இலை ஓரத்தை மடித்து உள்ளே இருந்துகொண்டு, பெரிய நரம்புகளை மட்டும் விட்டுத் தின்னும். பிறகு நூல் விட்டு இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். மழைக்காலக் கடைசியில் முற்றின இலையைச் சல்லடையாக்கும் புழு வேறு. அதனால் பெரிய நட்டமில்லை.

உயரமான மரத்துக்கு ரசாயனம் அடித்தால் பாதி காற்றோடு பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். ஆகவே நிலம்பூரில் வேறு வழி பார்த்தார்கள். 1988-ல் இந்தப் புழுவைக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் அங்கே கண்டறியப்பட்டது. வைரஸ் படிந்த இலையைத் தின்ற இளம்புழு மூன்று நாளளவில் மந்தமாகி, உடல் வெளுத்து, தலைகீழாகத் தொங்கிச் சாகிறது. தோல் கிழிந்து வழியும் சாறு அடுத்த புழுவுக்கு நோயைக் கொடுக்கிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் தேனீக்கும் கெடுதலில்லை. அமெரிக்காவில் காட்டு மரங்களை அழிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சிக்கு இதே வகை வைரஸ் 1978-லேயே பதிவு பெற்றுவிட்டது.

விருத்தாசலம் பக்கம் நிலக்கடலையில் புரோடீனியா புழுவுக்கு என்.பி.வி. அடித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டிலை வாங்கித் தேக்குக்கு அடித்தால் பணம்தான் வீண். ஒரு புழுவின் வைரஸ் அந்தப் புழுவுக்குத்தான். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் புரோடீனியாவுக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கும் உரியவை.

அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்? துளிர்விட்ட நாளிலிருந்து இரண்டு நாளைக்கொருமுறை இலையின் அடியைப் பாருங்கள். மருந்து படாத தோப்பில் தலைகீழாகத் தொங்கும் செத்த புழுக்கள் கிடைத்தால் சேகரித்து, நீரில் நசுக்கி, துணியில் வடிகட்டுங்கள். கொஞ்சம் வெல்லமும் ஒட்டும் திரவமும் கலந்து, கைத்தெளிப்பான் எட்டும் இளமரங்களுக்கு மாலை வெயில் தணிந்த பின் அடியுங்கள். வெயில் இந்த வைரஸைக் கெடுத்துவிடும். விரல் நீளப் புழுவாகிவிட்டால் அடித்துப் பயனில்லை. அது சாவதற்குள் இலை தீர்ந்துவிடும்.

இது கைவைத்தியம்தான். இத்தனை மரம் நடச் சொல்கிற அரசு, மரத்துக்கான மருந்தையும் தர வேண்டாமா? கோவையில் வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும் இருக்கின்றன. சுரங்க மண்மேடுகளில் காடு வளர்க்கும் என்.எல்.சி.க்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். நிலக்கடலைக்கு வைரஸ் பெருக்கக் கற்ற ஆய்வகங்கள், தேக்குப் புழுவை வளர்த்து அதன் வைரஸையும் பெருக்கி, அடுத்த கோடை மழைக்கு முன் வேளாண் விரிவாக்க மையங்களுக்கு அனுப்ப வேண்டும். களப்பணியாளர்கள் இந்தக் கோரிக்கையை வட்டாரக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாக வையுங்கள். செத்த புழுவையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.