ஓய்வுக்கும் அட்டவணையில் இடம் வேண்டும்

2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் 2-1 என்ற கோல் கணக்கில் வென்ற சிங்கப்பூர், 2027 ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்குத் தகுதிபெற்றது. 1984இல் ஏற்று நடத்தும் நாடு என்ற முறையில் களமிறங்கினோம். ஆடி வென்று தகுதிபெற்றது இதுவே முதல்முறை. சவூதி அரேபியாவில் 2027 ஜனவரி 7ஆம் தேதி போட்டி தொடங்கும்போது நம் ஆட்டக்காரர்கள் களைத்த கால்களோடு போய் நிற்கக்கூடாது. அதை உறுதிசெய்யும் பொறுப்பு அட்டவணை போடுபவர்களுடையது.

2024 டிசம்பரில் நடந்த ஆசியான் வெற்றியாளர் கிண்ணப் போட்டியை நினைவுகூர்வோம். டிசம்பர் 11 முதல் 29 வரை 19 நாள்களில் சிங்கப்பூர் ஆறு ஆட்டங்கள் ஆடியது. அதற்குள் ஹனோய், கோலாலம்பூர், மீண்டும் வியட்னாம் என்று பயணங்கள் வேறு. தாய்லாந்துக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்றும் 2-4 எனத் தோற்றோம். லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கில் வியட்னாமுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம் 90 நிமிடங்களுக்குக் கோலின்றி நகர்ந்தது. அதன்பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தோம்.

எதிரணிகளும் அதே அட்டவணையில்தானே ஆடின என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. களைப்பு மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால், பெரிய நாடுகள் பலரை மாற்றி மாற்றி இறக்கலாம். நமக்குத் தேசிய அணியின் முதுகெலும்பு ஒரு சில மன்றங்களிலிருந்துதான் வருகிறது. ஆசிய மன்றப் போட்டிகளின் காலத்துக்கு ஏற்ப மாற்றப்பட்ட சிங்கப்பூர் பிரிமியர் லீக், 2024 மே மாதம் தொடங்கி 2025 மே மாதம்தான் முடிந்தது. அந்தப் பருவத்தில் லயன் சிட்டி செய்லர்ஸ் உள்ளூர் லீக், சிங்கப்பூர்க் கிண்ணம், ஆசியான் மன்றப் போட்டி, ஆசியப் போட்டி என நான்கு முனைகளில் ஆடியது. ஆசிய இறுதியாட்டம்வரை சென்று, பீஷானில் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா மன்றத்திடம் 97ஆம் நிமிடக் கோலில் கிண்ணத்தை இழந்தது. தேசிய அணிக்கும் அதே ஆட்டக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறார்கள்.

இனி வருவது இன்னும் கடினம். அடுத்த ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்துக்கு 2026 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 26 வரை நாள் குறிக்கப்பட்டுள்ளது. மே மாதத்தில் லீக் முடிந்தபின் கிடைக்க வேண்டிய ஓய்வில் பெரும்பகுதியை ஆயத்தப் பயிற்சியும் அந்தப் போட்டியும் விழுங்கிவிடும். ஆசியான் கிண்ணம் ஃபிஃபா ஒதுக்கும் அனைத்துலக ஆட்ட நாள்களில் நடப்பதில்லை. அதனால் ஆட்டக்காரர்களை அனுப்ப வேண்டிய கட்டாயம் மன்றங்களுக்கு இல்லை. மன்றமும் தேசிய அணியும் இழுக்கும் கயிற்றில் நடுவே சிக்குபவர் ஆட்டக்காரர். இதற்கிடையே, ஆசியான் நாடுகளுக்கென்றே புதிய கிண்ணப் போட்டி ஒன்றையும் 2025 அக்டோபரில் ஃபிஃபா அறிவித்தது.

உலக அளவிலும் இதே வேதனைதான். 2022 கத்தார் உலகக் கிண்ணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்புவரை இங்கிலீஷ் பிரிமியர் லீக் நடந்தது. ஓயாத ஆட்டங்களை எதிர்த்து ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை நெருங்குகிறது என்று 2024 செப்டம்பரில் எச்சரித்தார் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ரொட்ரி. சில நாள்களிலேயே முழங்கால் காயம்பட்டு அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். ஆட்டங்களுக்கு இடையே 72 மணி நேரமும், பருவ முடிவில் 21 நாள்களும் ஓய்வு வேண்டும் என்பதை 2025 ஜூலையில் ஃபிஃபாவே ஏற்றுப் பேசியது. அது பேச்சோடு நின்றுவிடக்கூடாது.

போட்டி கூடினால் வருவாய் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஓய்ந்துபோன ஆட்டக்காரர்களைப் பார்க்க ரசிகர்கள் காசு கொடுத்து வரமாட்டார்கள்.

சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் மூன்றைச் செய்ய வேண்டும். முதலாவதாக, 21 நாள் ஓய்வை ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இரண்டாவதாக, ஆசியக் கிண்ணத்துக்கு முன் லீக்கைப் போதிய காலம் நிறுத்தி, தேசிய அணிக்கு ஓய்வும் பயிற்சியும் தர வேண்டும். மூன்றாவதாக, ஆசியான் வட்டாரத்துக்கு ஒரே கிண்ணம், அதுவும் ஃபிஃபாவின் ஆட்ட நாள்களில் மட்டும் என்று மற்ற நாடுகளோடு சேர்ந்து வலியுறுத்த வேண்டும். 2027 ஜனவரிக்கான ஆயத்தத்தை இந்த முடிவுகளிலிருந்தே சங்கம் தொடங்கட்டும்.