கம்பெனியா, தெருமுனை மெக்கானிக்கா?

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கைதேர்ந்த எந்த மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்து கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்கள் பெருகின. ஏ.சி. வரவேற்பறை, கம்ப்யூட்டர் பில், கூடவே ஒரு பயம்: காரை வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இந்தப் பயத்தின் மீது கை வைத்தது. உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கும் அதிகமாக அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. எனவே வாரண்டி உள்ளவரை கம்பெனி நிலையத்திலேயே சர்வீஸ் செய்வது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

ஆனால் அங்கேயும் கண் மூடியிருக்க முடியாது. 'இலவச' சர்வீஸில் பொதுவாக இலவசம் கூலி மட்டுமே. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. எஞ்சின் டீகார்பனைசிங், ஏ.சி. கிருமி நீக்கம் என்று பில் நீளும்போது, காருடன் வந்த கையேட்டைப் புரட்ட வேண்டும். அதில் இல்லாததை மறுக்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

வாரண்டி முடிந்த பின் கணக்கு மாறுகிறது. ஆயில், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் போன்ற வேலைகளை நல்ல மெக்கானிக் குறைந்த கூலியில் முடித்துவிடுவார். ஆபத்து கூலியில் இல்லை, பாகத்தில் இருக்கிறது. டெல்லி காஷ்மீரி கேட் போன்ற பெரிய சந்தைகளில் அசலோடு போலியும் விலை போகிறது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போலி பிரேக் பேட் வாங்குபவர் பணயம் வைப்பது குடும்பத்தை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் கார்களில் சென்சார்கள் பெருகிவிட்டன. ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆட்டோமேடிக் கியர், மின்சார கார் பாட்டரி ஆகியவற்றை உரிய ஸ்கேனரும் பயிற்சியும் இல்லாதவர் தொடக் கூடாது. விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

எங்கே போனாலும் சில விதிகள் பொது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு, கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே சம்மதம், கழற்றிய பழைய பாகம் கையில், பில் கட்டாயம். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில் வேண்டாம் என்று சொல்லி வரியை மிச்சப்படுத்துபவர், தன் வழக்கைத் தானே தள்ளுபடி செய்துகொள்கிறார்.