கற்றச்சருக்குப் பெயர் வைக்காத ஊர்கள்

வயலை மேற்பார்த்தவர் முல்லைக்காரர். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு வட்டவிதானை. மரத்தில் வேலை செய்தவர் ஓடாவி. பிள்ளைக்குச் சுன்னத்து வைத்தவர் ஒஸ்தா மாமா. இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையுள்ள எங்கள் முஸ்லிம் ஊர்களில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெயரும் அதற்கேற்ற மரியாதையும் வைத்திருந்தோம். எங்கள் அம்மியும் ஆட்டுக்கல்லும் திருகையும் யார் கையால் மறுபடி மறுபடி உயிர் பெற்றனவோ, அவருக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. "அம்மி கொத்துற ஆள் வந்திருக்கு" என்றோம், அதோடு சரி.

தமிழில் அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கல்லும் தச்சனும் சேர்ந்து கற்றச்சன். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் ஆயிரம் வருடமாக நிற்கிறது. அரசன் எழுப்பிய கோயிலில் தச்சனின் பெயருக்கும் இடம் இருந்தது. கல்முனை என்று ஊர்ப் பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் நாங்கள், கற்றச்சனுக்கு வாயில்கூட இடம் கொடுக்கவில்லை. எங்கள் மையவாடிகளிலும் அப்படித்தான். மீசான் கல்லில் மௌத்தானவரின் பெயர் இருக்கும், அதை வெட்டியவர் யாரென்று கேட்டவர் இல்லை.

அம்மி கொத்தியவர் செய்தது சின்ன வேலையா? மிளகாயும் கொத்தமல்லியும் அரைபட்டு அரைபட்டு அம்மியின் நடுப்பகுதி வழுவழுத்துப் போகும். குழவி உருளும், மிளகாய் நசியாமல் வழுக்கும். அவர் முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, உளியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகத் தட்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் புள்ளி இடுவார். குழி ஆழமானால் அரைத்த கூட்டு அதற்குள் தங்கிவிடும், கழுவினாலும் போகாது. மேலோட்டமாகத் தட்டினால் கொஞ்ச நாளிலேயே பழையபடி வழுக்கும். சில்லுத் தெறிக்கும் என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் இந்த அளவையெல்லாம் பார்த்தார். மழுங்கிய உளியை நெருப்பில் காய்ச்சித் தட்டித் தண்ணீரில் தோய்க்கவேண்டும். தோய்ச்சல் கூடினால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். கொத்தி முடித்த அம்மியில் முதலில் குறுணலை அரைத்து, கல்தூளோடு சேர்த்துக் கொட்டிய பிறகுதான் கறிக்கூட்டு அரைப்பார்கள். இந்த வேலைக்குப் பொளிதல் என்று அழகான ஒரு சொல் அகராதியில் கிடக்கிறது.

இதில் ஒன்றையாவது கேட்டு எழுதி வைத்தோமா? நிந்தவூர் எஸ். முத்துமீரான் எங்கள் கிராமியக் கவிகளைத் தேடிச் சேர்த்து அச்சேற்றினார். மொழியியல் பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. ஒருசிலர் தங்கள் பங்கைச் செய்தார்கள். மிச்சப் பேரான நாங்கள் உளிச் சத்தத்தைக் கேட்டோம், உளி பிடித்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

காரணத்தை மறைக்கக் கூடாது. அவர் வெளியூர்க்காரர், கூலிக்கு வந்தவர், பெரும்பாலும் வேறு மார்க்கத்தவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம், கூலியைக் குறைக்கச் சொன்னோம், பெயர் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே போக்குவரத்து அறுந்தபோது இப்படி வந்துபோனவர்களின் வரவும் நின்றது. ஏன் வரவில்லை என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை. கிரைண்டர் வந்தது, அவர் இல்லாத குறையும் தெரியாமல் போயிற்று.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த இழப்புக்கு முன்னால் அம்மி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பிறகு கட்டிய வீடுகளின் குசினியில் அம்மிக்கென்று ஒரு மூலை விடாதது கடல் செய்ததல்ல, நாங்கள் செய்தது.

கிணற்றடியில் துவைகல்லாகவும் பின்வாசலில் படியாகவும் கவிழ்ந்து கிடக்கிற அம்மிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் புரட்டி, எஞ்சியிருக்கும் உளித் தடத்தைப் படம் எடுக்கவேண்டும். அவற்றில் அரைத்த மூத்தம்மாமார் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும்: அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மாதத்தில் வந்தார், கூலி காசா நெல்லா, வாசலில் நின்று என்ன சொல்லிக் கூவினார், நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள்? யாருக்காவது அவர் பெயர் ஞாபகம் இருந்தால், அதை முதலில் எழுதிக்கொள்ளவேண்டும்.