மூளைச் செல்லுக்கும் எலும்பு உண்டு

மூளை என்றதும் எல்லோருக்கும் மின்சாரம்தான் ஞாபகம் வருகிறது. பாடப்புத்தகமும் நரம்புச் செல்லை ஒரு ஒயர் மாதிரி வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஒயர் ஏன் அறுவதில்லை என்று யாரும் கேட்பதில்லை!

செல்லின் சவ்வு மெல்லிய கொழுப்புப் படலம். அதன் உள்பக்கம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலை பின்னியிருக்கிறது. வலையைச் சவ்வோடு கட்டுவது ஆங்கிரின். நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 2013-ல் ஹார்வர்டின் ஷியாவோவெய் ஜுவாங் குழுவினர் பார்த்தபோது, நரம்பிழை நெடுக சுமார் 190 நானோமீட்டருக்கு ஒன்றாக ஆக்டின் வளையங்கள், இடையிடையே ஸ்பெக்ட்ரின். பீப்பாய்க்குப் பட்டை போட்ட மாதிரி.

இது இல்லாவிட்டால்? ஸ்பெக்ட்ரின் குறைபாடுள்ள உருளைப்புழுக்களின் நரம்பிழைகள், புழு நெளிந்ததாலேயே முறிந்தன. அசைய முடியாதபடி செய்த புழுக்களில் முறியவில்லை. 2007-ல் வந்த ஆய்வு இது. மனிதனும் விலக்கல்ல. ஆபிரகாம் லிங்கனுடைய தந்தை வழித் தாத்தா பாட்டியின் சந்ததியில், தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு நடை தள்ளாடும் நோய். காரணம் ஒரு ஸ்பெக்ட்ரின் மரபணுவில் உள்ள பிழை என்று 2006-ல் தெரிந்தது.

'சரி, இது தாங்குகிற வேலைதானே, மின்சாரம்தானே முக்கியம்?' என்று கேட்கலாம். அந்த மின்சாரம் கிளம்பும் இடத்தில் சோடியம் வாயில்களை நகராமல் பிடித்து வைத்திருப்பதே ஆங்கிரின்தான். நங்கூரம் விட்டுப்போனால் மின்சாரமும் தடுமாறும்.

ஒயரை வரைகிற புத்தகம், அதன் எலும்புக்கும் இரண்டு கோடு ஒதுக்கட்டும். தாங்குகிறவனைக் கண்டுகொள்ளாமல் விடுவது நம் பழக்கம். அறிவியல் பாடத்திலாவது அது வேண்டாமே.