பாலாறும் நம் மூக்கும்

பாலாற்றைப் பற்றி நம் வட்டத்தில் எழுதப்படுகிற கவிதைகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. முதலில் தாய். பிறகு மணல். கடைசியில் நாற்றம். இந்த நாற்றத்தைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், வங்கிக் கிளையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பஸ் ஆம்பூரை நெருங்கும்போது கைக்குட்டை எடுத்து மூக்கைப் பொத்துகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நானும் பொத்திக்கொண்டவன்தான். ஆனால் அந்தக் கைக்குட்டையைக் கவிதைக்குள் கொண்டுவந்து, அதற்குச் சூழல் பிரக்ஞை என்று பெயர் வைப்பது பம்மாத்து. தோல் நாறும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட காலத்திலும் சுண்ணாம்புக் குழி நாறத்தான் செய்தது. அந்தத் தெருப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க அந்த நாற்றமே அன்றைக்குப் போதுமான காரணம். இன்றைக்குக் கவிஞர் 'கறை', 'தீண்டல்', 'புனிதம்' என்று எழுதும்போது அவருக்குத் தெரியாமலே அவருடைய தாத்தா பேசுகிறார்.

இதில் விபரீதம், ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு நாற்றமே இல்லாத சமாச்சாரங்களுக்கு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பை அப்பி அனுப்புகிறார்கள். ஊறப்போடும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. உப்பு நாறாது. குரோமியமும் நாறாது. நுண்ணுயிர்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்தால் நாற்றம் அடங்கும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும், வற்றிய உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. பாலாறோ மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. கரையில் நின்று பெருமூச்சு விடுகிறவருக்கு அது தெரியாது. 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியது. தாய் திரும்பி வந்தாள் என்று இன்னொரு கவிதைக்கு அது உதவியிருக்கும். கிணறுகளுக்குத் தெரியும், உப்பு எங்கும் போய்விடவில்லை என்று.

நதியின் மரணம் என்கிறோம். மரணம் சௌகரியமான வார்த்தை, கணக்குக் கேட்காது. கணக்கு எழுபதுகளில் ஆரம்பிக்கிறது. அரைகுறையாகப் பதனிட்ட தோல் வெளிநாடு போவதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. அன்னியச் செலாவணி வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் ஊறிய தோலின் இடத்தில், ஓரிரு நாளில் குரோமில் பதப்படும் தோல் வந்தது. எங்கள் கிளைக்கு வரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் பச்சைத் தோல், வெட் புளூ, கிரஸ்ட் என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருக்கும். அந்த நீலம் குரோமியத்தின் நீலம். அதைப் பார்த்துத்தான் பாக்கிங் கிரெடிட். தண்ணீருக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் கிடையாது. கூட்டல் சரியா என்று பார்த்தவன் நான்.

ஜெர்மனி 1989-இல் பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. போட்டுக்கொள்கிறவர்களின் சருமத்துக்கு ஆகாது என்று தெரிந்ததும் இங்கே சீக்கிரமே மாற்று ரசாயனம் வந்துவிட்டது. பாலாற்றுக்கு அப்படிப்பட்ட சருமம் இல்லை. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு எழுதியது: ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், விவசாயத்துக்கு முழுதாகவோ பாதியாகவோ லாயக்கற்றுப்போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர், ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி ஒரு கமிட்டி போடச் சொன்னது. நம்மில் யாரும் எழுதிய எந்தக் கவிதையையும்விட இந்த வறட்டுத் தீர்ப்புகளில் பாலாறு அதிகம் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நதிக்கு ஒப்பாரி வைத்த நண்பர்கள் எவருடைய வரியிலும் அவர்களை நான் பார்க்கவில்லை. நாற்றம் யார் உடம்பில் ஒட்டியிருக்கிறதோ அவர்களைத் தவிர்த்துவிட்டு நாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எப்படி முடிகிறது?

கவிதை ஆய்வறிக்கை அல்ல என்பார்கள். சரி. பொய் சொல்லவும் அதற்கு விசேஷ லைசென்ஸ் கிடையாது.

அந்த ஊரில் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. வாளியில் எடுத்துப் பார்த்தால் பளிங்கு மாதிரித் தண்ணீர். முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. வீட்டுக்கார அம்மாள் சொன்னார்: "எவ்வளவு நேரம் வெச்சாலும் பருப்பு வேகாது தம்பி."