தலைக்கணக்கு நோய் தீர்க்குமா?



தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலே படகு கரை சேருகிறது. மீனை இறக்க எத்தனை ஆள் வேண்டும்? பாடு எவ்வளவு என்று பார்த்துத்தான் ஆளை அழைப்பார் படகுக்காரர். ஊரிலே எத்தனை தலை என்று ஏட்டைப் புரட்டியா அழைப்பார்? கடலோடி அறிந்த இந்தக் கணக்கை, கோப்பு கட்டி ஆளுவோர் அறியாதது ஏன் என்று கேட்கிறோம்!

அரசு மருத்துவத்துக்கு எத்தனை டாக்டர்? தில்லி வகுத்த அளவுகோல் விடை கூறுகிறது: சிற்றூரில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்; நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்று; நிலையத்துக்கு இத்தனை டாக்டர். தலைக்கணக்கு! புதுவைக்கு இது பொருந்துமா? 2011 குடிக்கணக்குப்படி புதுவை மக்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 48 ஆயிரம் பேர். ஆனால், ஜிப்மர் வாயிலிலும் அரசு பொது மருத்துவமனை வாயிலிலும் நிற்போரிலே விழுப்புரத்தார் உண்டு, கடலூரார் உண்டு. வரட்டும்! நோய்க்கு எல்லைக்கல் ஏது? வருவோரை வரவேற்கிறோம். அவர்களைக் கணக்கிலே சேர்க்காததைத்தான் கண்டிக்கிறோம்.

விளைவு? நோயாளி வாய் திறக்குமுன் மருந்துச்சீட்டு எழுதப்படுகிறது. டாக்டர் மீதா பாய்வது? வேண்டாம். அவரும் பாடுபடும் ஆள்தான்!

வேலைக்கு ஓர் அளவு உண்டு என்பதை ரத்தத்தால் எழுதிய ஊர் இது. 1936 ஜூலை 30இல், எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பலி கொண்டது. ஆலைக்கு உண்டு அளவு, மருத்துவமனைக்கு இல்லையா?

உண்டு. உலக சுகாதார நிறுவனமே வழி வகுத்திருக்கிறது: தலையை எண்ணாதே, வேலையை அள! போட்டுப் பார்ப்போம். விடுமுறை, விடுப்பு போக ஆண்டிலே 280 நாள். நாளுக்கு 6 மணி. நோயாளிக்கு 10 நிமிடம் என்று வைப்போம். ஒரு டாக்டர் ஆண்டுக்கு 10,080 பேரைப் பார்க்கலாம். 40,000 பேர் வந்தால் நான்கு டாக்டர் வேண்டும். ஒருவரையே உட்கார வைத்தால், ஆளுக்கு இரண்டரை நிமிடம்! கற்பனையன்று, தோழர்களே. இந்தியாவிலே ஆரம்ப மருத்துவத்தில் டாக்டர் நோயாளியைப் பார்க்கும் நேரம் சராசரி 2 நிமிடம் என்று பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் 2017இல் வந்த ஆய்வு கூறிற்று. சுவீடனிலோ 22 நிமிடத்துக்கும் மேல்!

2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு மட்டுமா கேட்டனர்? மருத்துவக் கவுன்சிலின் குறைந்தபட்ச அளவைக் காட்டி இடங்களைக் குறைக்காதே, நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப நியமனம் செய் என்றும் கேட்டனர். அது நோயாளிக்கான குரலுமன்றோ!

பணமில்லை என்பர். டாக்டருக்குத் தராது மிச்சம் பிடித்த சம்பளத்தை, ஒரு நாள் கூலியை இழந்தும், கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையில் கொட்டியும் கட்டுவது யார்? உழைப்பாளி!

கணக்கைத் திருத்தினாலும் போதாது. புதுவைக்கெனத் தனித் தேர்வாணையம் இல்லை. நிரந்தர மருத்துவ அதிகாரி வேண்டுமானால் தில்லியின் தேர்வாணையத்தை நோக்கிக் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் இங்கே, கையெழுத்து அங்கே! மாநில உரிமை மேடைக்கு மட்டுமான பேச்சன்று. மருந்துச்சீட்டோடு நிற்கும் தாயின் பிரச்சினை.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு நிலையத்திலும் வருவோரை எண்ணுக! எண்ணியதை ஊரறியப் பலகையில் எழுதுக! அதற்கேற்ப இடங்களை உண்டாக்குக, நிரப்புக! சலுகையன்று நாம் கேட்பது, சரியான கணக்கு!